மூன்றாவது ஸ்லாட்

தெரிந்தேதான் தப்பான கார்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பூசி மெழுக எனக்கு வராது.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற ஒரு தொழிற்கூடம். அங்கிருந்த பழைய சர்வர் ஒன்றில் ஃபயர்வால் மென்பொருளை ஏற்றி, இணையத்துக்கும் அவர்களுடைய கணினிகளுக்கும் நடுவே காவலுக்கு வைக்க வேண்டும். அரை நாள் வேலை. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆனால் முதல் நாள் மென்பொருள் பாதி வரை ஓடி, நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை என்று திரையில் காட்டிவிட்டு நின்றது. சர்வரின் முதுகிலேயே கேபிள் செருகும் போர்ட் இரண்டு விளக்கெரிய இருக்கிறது. இது இல்லவே இல்லை என்கிறது. அந்த ரகப் போர்ட்டை அடையாளம் காண வேண்டிய டிரைவர் இந்த மென்பொருளில் கிடையாது. வேறு கார்டு செருகினால் தீர்ந்தது.

வழக்கமாக இதற்கெல்லாம் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அன்று வரவில்லை. காரணம், சர்வர் அறைச் சாவியை வைத்திருந்த ஸ்டோர் கீப்பர். நெட்டையான மனிதர். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த அந்தக் குட்டி அறையில் எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தார். நான் சர்வரை வாய்க்கு வந்தபடி திட்டும்போதெல்லாம் அதற்குப் பரிந்து பேசினார்.

"அதைக் கோவிச்சுக்காதீங்க மேடம். புது ஆளைப் பார்த்தா அதுக்குக் கொஞ்சம் கூச்சம்."

நான் சிரித்த சிரிப்பில் திருகாணி ஒன்று சர்வருக்குள் விழுந்தது. இருவருமாகத் தேடினோம். நாற்பதை நெருங்குகிறவளுக்கு ஒரு திருகாணி கிடைக்கக் கூடாது என்று தோன்றினால் அது நல்லதற்கா?

மறுநாள் காலை நான் வேலை பார்க்கும் கணினிக் கடைக்குக் கார்டு எடுக்கப் போனேன். அங்கே அலமாரிப் பொறுப்பு என் தங்கை.

"அக்கா, அது டூப்ளிகேட். பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் படுத்துக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எடுக்கிற?"

"சோதிச்சுப் பார்க்கத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினேன்.

தொழிற்கூடத்தில் செருகியதும், கார்டு சொன்ன பேச்சு தவறாமல் பத்தாவது நிமிடம் படுத்துக்கொண்டது. நான் உச்சுக் கொட்டினேன். ஸ்டோர் கீப்பரும் உச்சுக் கொட்டினார். நாளைக்குச் சரியான கார்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் கடை ஓனரம்மா கூப்பிட்டார். "இன்னைக்குள்ள முடியலைன்னா நாளைக்கு வேற ஆளை அனுப்பிடறேன்." கார்டு ஓடினாலும் எனக்கு இன்று கடைசி நாள், ஓடாவிட்டாலும் கடைசி நாள். ஸ்டோர் கீப்பரிடம் வாயைத் திறந்து கேட்கலாம் என்றால், எதைக் கேட்பது? போகிற போக்கில் வேலையையாவது ஒழுங்காக முடிப்போம் என்று அசல் கார்டையே எடுத்துப் போனேன்.

சர்வருக்குள் கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் அது நுழையக்கூடியது மூன்றாவதில் மட்டும்தான்; நேற்றைய கார்டையும் அதில்தான் செருகியிருந்தேன். செருகி, சர்வரைக் கிளப்பினேன். கார்டு இல்லை என்றது.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அசலைக் கூடவா இல்லை என்பது? சர்வரின் உள் அமைப்புத் திரைக்குப் போனேன். அதற்கு நான்தான் முதல் நாள் பாஸ்வேர்டு போட்டு, ஒரு தாளில் எழுதி ஸ்டோரில் பத்திரப்படுத்தக் கொடுத்திருந்தேன். திரையில் மூன்றாவது ஸ்லாட் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அணைக்கவில்லை.

திரும்பினேன். அவர் டியூப்லைட்டை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தத் தாள் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"ஸ்லாட்டை யார் அணைச்சது?"

"எப்படி அணைக்கிறதுன்னு சர்வர் மேனுவல்ல நாற்பத்தி மூணாவது பக்கத்துல இருக்கு மேடம்," என்றார் டியூப்லைட்டிடம். "நேத்து நீங்க போனதும் உட்கார்ந்து படிச்சேன். புரியறதுக்கே மூணு மணி நேரம் ஆயிடுச்சு."

"எதுக்கு இந்த வேலை?"

"நாளைக்குச் சரியான கார்டு கொண்டு வருவேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

பிரிண்டரில் பேப்பர் போடவே பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிடுகிறவர். எனக்காக அந்தத் தடிமனான புத்தகத்தைப் படித்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நேத்து நான் கொண்டு வந்த கார்டு ஓடாது. தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அட்டைப்பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். நானும் சிரித்தேன். லென்ஸ் தேய்க்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்லாட்டைத் திறந்துவிட்டேன். கார்டு உடனே தெரிந்தது. பதினொன்றரைக்கெல்லாம் ஃபயர்வால் ஜம்மென்று ஓடியது. ஓனரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கோளாறு எதுல?" என்றார்.

"ரெண்டு பேர்கிட்ட மேடம். இப்போ எதுவும் இல்லை."

ஸ்க்ரூடிரைவர்களைப் பைக்குள் போட்டேன். ஸ்டோர் கீப்பர் கதவருகே நின்றார்.

"இனிமே இது கெட்டுப்போகாதா மேடம்?"

"போகாது. நான் போட்டது."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு வரேன்," என்றேன். "வேலை ஒண்ணும் இல்லை. சும்மா வரேன்."

"எத்தனை மணிக்கு?"

பையைத் தோளில் மாட்டினேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.