சுவருக்குள் மாட்டிய கை

மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு ஒரு கவலை இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத கவலை. ஃப்ளஷ் வேலை செய்யவில்லை.

வண்டி நடுரோட்டில் நின்றால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்காத மனிதர் அவர். ஆனால் இந்தக் கழிவறையில் தண்ணீர்த் தொட்டியே கண்ணில் படவில்லை. அதைச் சுவருக்குள் வைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி மூடியிருந்தார்கள். வெளியே தெரிந்ததெல்லாம் பெரிதும் சிறிதுமாக இரண்டு பட்டன் உள்ள ஒரு வெள்ளைத் தகடுதான். பெரியதை அழுத்தினால் சும்மா உள்ளே போய் வந்தது. சின்னதில் வந்த தண்ணீர் பேருக்குத்தான்.

தன் முரட்டுக் கைதான் கெடுத்துவிட்டது என்று நினைத்தார். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. மகளும் மருமகனும் தங்கள் அறைக்குள் இருந்த கழிவறையையே பயன்படுத்தியதால் அவர்களுக்கு இது தெரியாது. தினமும் வாளியில் தண்ணீர் பிடித்து, சத்தம் கேட்காமல் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல வெளியே வருவார்.

அன்று மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். கழிவறைக்குள் போனவர், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று தகட்டைக் கீழிருந்து மேலே தள்ளினார். கழன்று வந்தது. பின்னால் ஒரு சதுர ஓட்டை. பட்டனை உள்ளே இருக்கும் வால்வோடு சேர்க்கிற பிளாஸ்டிக் குச்சிகளில் ஒன்று இடம் மாறிக் கிடந்தது.

"பூ, இவ்வளவுதானா!"

தொட்டதுதான் தாமதம், குச்சி தொட்டிக்குள் விழுந்தது. கையை விட்டுத் துழாவினார். குச்சி கிடைத்தது. கை வரவில்லை. வாட்சின் ஸ்டீல் பட்டை உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது.

இழுத்தார், திருப்பினார், திட்டினார். பனியன் வேர்வையில் ஒட்டியது. சுவரில் கன்னத்தை வைத்துக் குனிந்து நின்றார். கீழே கோப்பை திறந்தபடி இருந்தது. அதில் இருந்தது இன்னும் போகவில்லை.

வீட்டில் இருந்தது சம்பந்தியம்மா மட்டும். மருமகனின் அம்மா. அவர் எதிரில் காலை நீட்டிக்கூட இவர் உட்கார்ந்ததில்லை. கூப்பிடுவதா, சாயங்காலம் வரை இப்படியே நிற்பதா என்று யோசித்தார். தோள் வலி பொறுக்க முடியாமல் போனபோது இடது கையை நீட்டித் தாழ்ப்பாளை நீக்கினார்.

"சம்பந்தியம்மா... கொஞ்சம் வர்றீங்களா?"

கதவைத் திறந்த அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்தார். டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் வாளித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு மூடியை மெதுவாக மூடும் சத்தம்.

"கை மாட்டிக்கிச்சா?"

"வாட்சு..."

"அசையாதீங்க."

அந்த மெலிந்த கை அவர் கையை ஒட்டி ஓட்டைக்குள் நுழைந்தது. விரல்கள் அவர் மணிக்கட்டைத் தடவிக் கொக்கியைத் தேடின. டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பட்டை கழன்றது. குச்சியோடு கை வெளியே வந்தது.

"மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. நான்தான் இதைக் கெடுத்தேன்."

"நீங்க இல்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான். நான் கெடுத்துட்டேன்னு நெனச்சு நானும் வாளிதான் தூக்கிட்டிருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே?"

அந்த அம்மாள் கையைத் துடைத்தபடி நின்றார். "உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா முகம் ஒரு மாதிரி ஆயிடும் பாருங்க... அதுக்குத்தான்."

அந்த முகம் டிரைவருக்குத் தெரியும். அவர் பெற்று வளர்த்த முகம். அதற்குப் பயந்துதான் அவரும் சொல்லவில்லை. இத்தனை நேரம் இருந்த கூச்சம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முழங்கால் வலிக்கிற ஒரு பெரிய மனுஷி, இவர் மகளுக்குப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாளி தூக்கியிருக்கிறாள்.

சம்பந்தியம்மா டார்ச் பிடிக்க, அவர் குச்சியைச் சரியான இடத்தில் வைத்துத் திருகினார். தகட்டை மாட்டிப் பெரிய பட்டனை அழுத்தினார். தண்ணீர் ஓவென்று இறங்கியது. இருவருமே சிரிக்கவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவசரமாக உள்ளே போன மகள், அந்தக் கழிவறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "இந்தத் தகட்டை யாரு கழட்டினது? கீறல் விழுந்திருக்கு!"

வெளியே வந்தபோது அந்த முகம்தான். சம்பந்தியம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா," என்றார் டிரைவர். "ரொம்ப நாளா வேலை செய்யல. நாங்க ரெண்டு பேரும் வாளியில ஊத்திட்டிருந்தோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னப்பா?"

"சொல்ல பயமா இருந்துச்சு. எனக்கும். அவங்களுக்கும்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே மனம் குன்றிப்போனது. மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல், கையிலிருந்த பையை நாற்காலியில் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அத்தை," என்றாள் தணிந்த குரலில், "கத்தியை இப்படிக் குடுங்க. நான் நறுக்கறேன்."

சம்பந்தியம்மா தயங்கித் தயங்கிக் கத்தியை நீட்டினார். டிரைவர் எழுந்து பால்கனிக்குப் போய், கீழே போகிற வண்டிகளைப் பார்ப்பவர் போல நின்றுகொண்டார்.