வானம் கலங்கிய அன்று நட்ட கல்

டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் சரிவில், ஆண்டியப்பனின் காணிக்கு மூன்று மூலைக்கல் நட்டாகிவிட்டது. நாலாவது மட்டும் பாக்கி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் சரிகிறது, சரிகிறது என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று பிரித்துக் கொடுக்க அரசாங்கம் ஒத்துக்கொண்ட நிலம் அது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் மற்ற எல்லாருடைய கற்களும் நின்றுவிட்டன. வரிசையில் கடைசி ஆள் என்பதால் ஆண்டியப்பனின் கடைசி மூலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. எதிலும் கடைசியாக நிற்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பயம் பிடித்தது.

பயப்படாமல் என்ன செய்வார்? வரைபடம் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறது, நாலு கல்லும் நிற்காத காணி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும் என்று நில அளவையாளர் றோலண்ட் சொல்லியிருந்தார். அடுத்த கட்டம் என்றால் என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே போன ஆஸ்பத்திரிக் கூரை இன்னும் வந்து சேரவில்லை.

சனிக்கிழமை காலையில் பனிமூட்டம் சரிவை முழுசாக மூடியிருந்தது. ஆண்டியப்பன் பெண்சாதி ஜெயந்தினியோடு மேலே போனபோது ஜீவராஜ் ஏற்கெனவே அங்கே நின்று அவர்களுடைய கல்லுக்குச் சிமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். ஜீவராஜ் அடுத்த காணிக்காரன். லயத்திலும் அடுத்த காம்பரா. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்து வளர்ந்தவர்கள்.

றோலண்ட் தன் ஜீபீஎஸ் கருவியை நாட்டினார். நீளக் கம்பம், அதன் தலையில் காளான் மாதிரி ஒரு வெள்ளைக் குடை. வானத்தில் சுற்றுகிற செய்மதிகளைக் கேட்டு இடத்தைச் சொல்லும் சாமான். நேற்று முழுக்க அது கொஞ்சமும் பிசகாமல் சொல்லியிருந்தது. இன்றைக்கு ஆண்டியப்பனின் மூலை ஓடைக்குள் இருக்கிறது என்றது. கொஞ்சம் பொறுத்து, இல்லை, மேலே தேயிலைக்குள் என்றது. றோலண்ட் தாடையைச் சொறிந்துகொண்டு, சரி பார்க்கலாமென்று கம்பத்தை ஜீவராஜின் கல்லின்மேல் வைத்தார்.

"இந்தக் கல்லு நேத்து நட்ட எடத்துல இல்லியே," என்று முணுமுணுத்தார். "ஒரு மீட்டர் இந்தப் பக்கம் தள்ளி நிக்குது."

இந்தப் பக்கம் என்பது ஆண்டியப்பனின் பக்கம். காணியே இல்லாத சனம் காணியைக் கண்டால் முதலில் வருவது சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான்.

"ராத்திரியோட ராத்திரியா நவுத்திட்டியாடா?"

ஜீவராஜ் கரண்டியைக் கீழே போட்டான். "யாரு, நானா? ஒஞ் சொவரும் எஞ் சொவரும் ஒண்ணு. நான் இருமினாலே ஒனக்குக் கேக்கும். எந்திரிச்சிப் போயி கல்லப் பேத்திருந்தா கேட்டிருக்காதா?"

"களவாணிக்குச் சத்தம் எதுக்கு?"

சொன்ன மாத்திரத்தில் அதைத் திரும்ப விழுங்கிவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீவராஜின் முகம் செத்துப்போனது. ஜெயந்தினி குனிந்து கல்லைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். "சிமெந்து இறுகிக் கெடக்குதுங்க. மண்ணு கூடக் கலையல. பேசாம இருங்க," என்றாள். ஆண்டியப்பன் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் றோலண்ட் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்துக்கு நடந்துவிட்டார். மூவரும் அவர் பின்னால் போனார்கள்.

அங்கே வெள்ளைக்காரன் காலத்து அளவைத் தூண் ஒன்று இருந்தது. லொறி மோதி லொறிதான் நெளிந்தது என்று சொல்வார்கள். அந்தத் தூணும் நகர்ந்துவிட்டது என்றது கருவி. எண்கள் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து றோலண்டின் போன் அடித்தது. கனடாவில் இருக்கும் தங்கை றோசலின், வீடியோவில்.

"அண்ணே, பேசாதீங்க. பாருங்க," என்று போனை வெளியே திருப்பினாள்.

அங்கே இரவு. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பச்சை வெளிச்சம் கிடந்தது. பிறகு அது எழுந்து நின்றது. கொடியில் காயப்போட்ட சேலை காற்றில் அலைகிற மாதிரி வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைந்தது. அலைய அலைய அதன் தலைப்பில் சிவப்பு ஊறி, நடுவானம் வரைக்கும் படர்ந்தது.

"எங்க தீப்புடிச்சிருக்கு சேர்?" என்று ஆண்டியப்பன் பதறினார். லயத்தில் பிறந்தவருக்கு இரவில் வானம் சிவந்தால் வேறெதுவும் தோன்றாது.

"தீ இல்லங்க," என்றாள் போனுக்குள்ளிருந்து றோசலின். "ஒரு சத்தமும் இல்ல. இவ்வளவும் நடக்குது, ஒரு சின்னச் சத்தம் கூட இல்ல. தெருவுல எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க."

றோலண்டுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அடக் கடவுளே," என்று கருவியைப் பார்த்தார். பிறகு மூவரையும் பார்த்துச் சொன்னார். வட்டவளை லயத்தில் பிறந்த மனிதர், பேச்சு இன்னும் மாறவில்லை. "சூரியன்ல ஏதோ பெருசா வெடிச்சிருக்குங்க. அதுல கெளம்புன ஒரு காத்து இங்க வந்து மோதுது. பூமியே ஒரு காந்தம்தானே, அந்தக் காந்தம் இப்ப நடுங்குது. வடக்க அந்த நடுக்கம் வெளிச்சமாத் தெரியுது. நம்ம பக்கம் வெளிச்சம் வராது. ஆனா மேல வானமே கலங்கிப்போயிருக்கு. செய்மதி சொல்றது அதுக்குள்ளாலதான் நமக்கு வரணும். கலங்குன தண்ணிக்குள்ள கெடக்குற கல்லு எடம் மாறித் தெரியும்ல, அதுதான் இது. கல்லு எதுவும் நகரல."

"இப்பவா சேர் நடக்குது?"

"இந்த நிமிஷம். நம்ம தலைக்கு மேல."

ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பனிமூட்டம்தான். வெறும் வெள்ளை. எங்கோ ஒரு குருவி கத்தியது. அந்த வெள்ளைக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, பூமி முழுவதையும் பிடித்து உலுக்குகிற ஒன்று இப்போது போய்க்கொண்டிருக்கிறது. சூரியனில் புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்து கனடாவில் தெருவையே நிறுத்திவைத்த அதே ஒன்று, டயகமவில் இந்தப் புல்மேட்டுக்கும் வந்து, இந்தக் கம்பத்தின் எண்களையும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தை அது விட்டுவைக்கவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, காரணமே இல்லாமல், சந்தோஷமாக இருந்தது. ஜெயந்தினி கைகூப்பி நின்றாள். யாரைக் கும்பிடுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஜீவராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்போ கல்லப் பேத்தது சூரியன். எங்க, அவரப் போயி 'டா' போட்டுப் பேசு பாப்போம்."

றோலண்ட் சிரித்துவிட்டார். ஆண்டியப்பனால் சிரிக்க முடியவில்லை. இவ்வளவு பெரியது நடக்கிற நேரத்தில் தான் என்ன பேசினோம் என்று நினைக்க நெஞ்சு அறுத்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினார். அந்த மாதிரி வார்த்தைகள் அவருக்கு ஒருநாளும் லேசில் அகப்படாது.

"இன்னைக்கு வானத்தக் கேட்டு வேலைக்கு ஆகாது," என்றார் றோலண்ட். "கண்ணால பாத்து அளக்குற மிசின் இருக்கு, இந்தப் பனியில அதுவும் சரிவராது. மண்ணுல இருந்து மண்ணுக்கு டேப் புடிச்சே அளப்போம். நேத்து நட்ட கல்லு எல்லாம் சரியான கல்லு. ரெண்டு கல்லுல இருந்து வரைபடத்துல உள்ள நீளத்துக்கு ரெண்டு டேப்ப இழுத்தா, ரெண்டும் சேர்ற எடம்தான் ஒங்க மூலை."

ஜெயந்தினி தங்கள் மூன்றாவது கல்லில் ஒரு நுனியைப் பிடித்தாள். இன்னொரு நுனியை ஜீவராஜின் கல்லில் பிடிக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஜீவராஜ் தானாகவே போய்க் குந்தி, நுனியைக் கல்லின் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். இரண்டு டேப்பையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு ஆண்டியப்பன் சரிவில் இறங்கினார். பனிக்குள் ஜீவராஜ் நிழலாகத் தெரிந்தான்.

ஜெயந்தினியின் பக்கம் டேப் விறைப்பாக நின்றது. ஜீவராஜின் பக்கத்தை இழுக்க ஆண்டியப்பனுக்குக் கை வரவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். போனால் போகட்டும், ஒரு முழம் குறைந்தாலும் அவனுக்கே இருக்கட்டும் என்று பட்டது.

"டேப்ப ஏன் தொங்க விடுற?" பனிக்குள்ளிருந்து ஜீவராஜ் கத்தினான். "இழுத்துப் புடி மச்சான்! ஒங் காணியில ஒரு அங்குலம் எம் பக்கம் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

ஆண்டியப்பன் இழுத்தார். அந்தப் பக்கத்துக் கட்டைவிரலின் பலம் டேப் வழியாக அவர் கைக்கு வந்தது. இரண்டு டேப்பும் அவர் காலடியில் ஓரிடத்தில் சேர்ந்தன.

"எத்தனையில சேருது? படிங்க," என்று றோலண்ட் மேலேயிருந்து கேட்டார்.

ஆண்டியப்பன் குனிந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"எண்ணு தெரியல சேர்," என்றார். "நீங்களே வந்து பாருங்க."