கோடு போட்ட பக்கம்

...கோடு இருந்த பக்கம் கோடு, இதில் என்ன தப்பு வரும், மாமனாரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து பழைய கெபாசிட்டரைக் கழற்றினான், அதே ஓட்டையில் புதுசைச் சொருகி ஈயம் வைத்தான், பிறகு ஏன் சுவிட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்துத் தொலைந்தது, சே, என்ன நாற்றம், கெட்டுப்போன மீனைச் சுட்ட மாதிரி, கூடம் வரைக்கும் போயிருக்கும்... மிச்சமிருந்த புதுசு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கோட்டுக்குள்ளே பொடிசு பொடிசாக மைனஸ். பழசில் கோடு பிளஸ்ஸுக்கு, புதுசில் மைனஸுக்கு, தலைகீழாக மாட்டினால் வெடிக்காமல் என்ன செய்யும்? "எதுக்கும் ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு மாட்டுங்க" என்று காலையில் மனைவி சொன்னாளே, "நீ உன் வேலையப் பாரு" என்று மாமனார் எதிரிலேயே வெடுக்கென்றானே, தேவையா இந்த வாய்? ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை, "நான் எதுக்கு மாமா இருக்கேன்" என்று மறித்தது யார்? காது மந்தமான மனுஷர், இந்த ஆம்ப்ளிஃபயர் அதிர்ந்தால்தான் அவருக்குப் பாட்டு என்று ஒன்று உண்டு, இப்போது டிரான்ஸ்ஃபார்மரும் தொட முடியாமல் கொதிக்கிறது, இனி பிழைக்குமா, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பது...

வந்துவிட்டார். மூக்கைச் சுளித்தபடி வாசலில் நிற்கிறார். "என்ன மாப்ள?" வாய் முந்திக்கொண்டது, "பார்ட்ஸே டூப்ளிகேட் மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான்," சத்தமாக, கூசாமல், அடப்பாவி, எங்கிருந்து வருகிறது இந்தப் பொய்? அவர் குனிந்து உள்ளே பார்த்தார், வெடித்ததையும் பார்த்தார், அவன் கையிலிருந்த புதுசையும் பார்த்தார். "இருக்கும், இருக்கும்" என்றார். அதற்குள் மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள், "என்னப்பா வெடிச்சுது?" அவர் அவனைப் பார்க்கவேயில்லை. "நான்தாம்மா. அவசரப்பட்டு சுவிட்சப் போட்டுட்டேன்." அவள் அப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஆச்சரியமே இல்லாமல், "சரி விடுப்பா, பரவால்ல" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள், ஒத்திகை பார்த்த மாதிரி... அவன் ஆணி அடித்து மாட்டிய அலமாரி சரிந்தபோது, "நான்தான் பாரம் ஏத்திட்டேன்" என்றாளே இவள், அது? அவன் மாட்டிய குழாய் ஒழுகியபோது "தண்ணி வேகம் அதிகம்" என்றாரே மாமியார், அது? அவமானத்தில் காது மடல் எரிந்தது. "இல்ல மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தான். "கைய எதுவும் சுட்டுக்கலயே?" என்றார் அவர், பயந்த குழந்தையிடம் கேட்கிற குரலில்.