வெற்றுத் தோட்டா

சாவியைத் தேடி மழைச்சட்டைப் பைக்குள் கைவிட்ட ஓரினின் விரல்களில் சாவி அகப்படவில்லை. மூன்று தோட்டாக்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், சுடாதவை. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றியது. தோன்றியதும் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அவை இருக்க வேண்டிய இடம் அவனுடைய ரிவால்வர். அந்த ரிவால்வர் இப்போது அவன் மைத்துனன் டெல்பர்ட்டின் மார்பு உறையில் இருக்கிறது. டெல்பர்ட்டோ விடிந்ததும் தனியாகக் கிளம்பி, சால்மன் மீன் ஏறும் ஓடைக்குப் போய்விட்டான். அலாஸ்காவில் அந்த மாதத்தில் ஓடைக்கு மீன்பிடிக்க வருகிறவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல.

வினை நேற்று சரளைக் குழியில் ஆரம்பித்தது. சாலை போடத் தோண்டிப் பாதியில் விட்ட குழி அது. ஞாயிறு மத்தியானம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் கூடும். மூஸ் என்கிற பெரிய மானின் கறி சுடுவார்கள், பீர் குடிப்பார்கள், துப்பாக்கி சுடுவார்கள். யாரிடம் எது இருந்தாலும் கடைசியில் எல்லோரும் வரிசையில் நிற்பது ஓரினின் ஐநூறுக்காகத்தான். அரை அங்குலத் துவாரம் உள்ள ரிவால்வருக்கு அங்கே வழங்கும் பெயர் அது. கல்லுரல் மாதிரி கனம். விசையை இழுத்தால் முன்னால் ஒரு தீப்பந்து கிளம்பும், மார்புக்கூட்டுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியது போலிருக்கும், கை இரண்டும் வானத்தைப் பார்க்கும். சுட்டவர் யாராயிருந்தாலும் அடுத்த கணம் சிரிப்பார். தேவாலயத்துப் போதகர்கூடச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வரிசை.

"எதுக்கு இவ்வளவு பெருசு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "கரடிக்கு" என்று ஓரின் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வான். உள்ளதைச் சொன்னால், அவன் அதை வாங்கியதிலிருந்து செத்தவை எல்லாம் காகிதத் தட்டுகளும் பழைய வண்ண டப்பாக்களும்தான். ஆறு தடவை சுட்டால் மணிக்கட்டு மூன்று நாளைக்கு வலிக்கும் என்பதால் அதில் யாரும் பழகுவதே இல்லை. பழகாத துப்பாக்கியால் பாய்ந்து வருகிற கரடியை எப்படிச் சுடுவது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். யானையை வாங்கிக் கட்டியவனுக்கு யானை எதற்கு என்ற கேள்வி பிடிப்பதில்லை.

டெல்பர்ட் ஓஹையோவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். வேலையும் போய் மனைவியும் போய், பனிக்காலத்தில் அக்கா மார்லிஸ் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான். சத்தம் என்றால் பயப்படுவான். ஐநூறைக் கையில் எடுத்தால் சுடுவதற்கு முன்பே கண்ணை மூடி, உதைக்கப் போகிறதே என்று முனையைத் தரையை நோக்கி அமுக்கிவிடுவான்.

இந்தப் பயத்தைத் தெளிய வைக்க அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவன் திரும்பி நிற்க வேண்டும். நிரப்புகிறவன் உருளையின் ஐந்து துளைகளில் சிலவற்றில் உயிருள்ள, அதாவது வெடிக்கிற, தோட்டாவையும், சிலவற்றில் ஏற்கெனவே சுட்ட வெற்றுக் கூட்டையும் போட்டுச் சுழற்றி மூடிக் கொடுப்பான். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டின்மேல் துப்பாக்கியின் சுத்தி விழும்போது அது தானாக ஆடாது அல்லவா? ஆடினால் அது அவன் பயம். கூட்டமே அதைப் பார்த்துவிடும்.

ஓரின் இரண்டு உயிரும் மூன்று வெற்றும் போட்டான். டெல்பர்ட் விசையை இழுத்தான். டக். வெடிக்காத துப்பாக்கி அவன் கையில் மூக்கைக் குத்திக்கொண்டு தரையைப் பார்த்தது. அவன் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது.

"ஓரின், உன் மச்சான் பூமியச் சுட்டுட்டான்யா!" என்று பக்கத்து வீட்டு விர்ஜில் கத்தினான். "செத்துப்போச்சு, தோல உரிக்கச் சொல்லு!"

"மாப்ள, கண்ணத் தொறந்துட்டுச் சுடுடா. மூடிக்கிட்டு நின்னா, கண்ணாமூச்சி ஆடக் கூப்புடுறன்னு கரடி நெனச்சுக்கும்" என்றான் ஓரின்.

குழியே சிரித்தது. காதடைப்பு மாட்டியிருந்த டெல்பர்ட்டும், காது வரை சிவந்துபோய், சிரித்தான். "இன்னொரு தரம் போட்டுக் குடுங்க, அத்தான்" என்றான். ஓரின் போட்டான். மறுபடியும் போட்டான். கற்றுக்கொடுப்பதாகத்தான் சொல்லிக்கொண்டான். ஆனால் எந்த வாத்தியாரும் மாணவன் தேறிவிடுவானோ என்று பயந்துகொண்டு பாடம் நடத்துவதில்லை. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, வெற்றுக் கூட்டின்மேல் சுத்தி விழுந்தபோது டெல்பர்ட்டின் கை கொஞ்சம்தான் ஆடியது. அதற்குள் விர்ஜிலுக்கும் மற்றவர்களுக்கும் சிரித்து அலுத்திருந்தது. ஓரின் கடைசியாக ஒரு முறை நிரப்பி மூடும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓரின் துப்பாக்கியை உறைக்குள் திணித்தான், மிஞ்சிய தோட்டாக்களைப் பைக்குள் போட்டான். அவ்வளவுதான் நடந்தது.

வெற்றுக் கூடு பின்பக்கத்திலிருந்து பார்க்க நல்ல தோட்டா மாதிரியே பித்தளை மினுக்கும். அதுவும் அந்த ஊரில் மார்பு உறையில் உள்ள துப்பாக்கி நிரம்பித்தான் இருக்கும். திறந்து பார்க்கிறவனைக் கோழை என்பார்கள். டெல்பர்ட் என்னவோ கேட்கத்தான் செய்தான். விடியற்காலையில் படுக்கையறைக் கதவை லேசாகத் திறந்து, "அத்தான், நீங்களும் வர்றதாச் சொன்னீங்களே?" என்றான்.

"தூங்கவிடுடா. நீ போ."

"துப்பாக்கி சரியா இருக்கா? ஒரு தரம் பாத்துக்கிடவா?"

"நான் நெரப்புன துப்பாக்கிடா அது. என்னத்தப் பாக்கப் போற? எடுத்துட்டுக் கெளம்பு."

"மிளகாப் புட்டியும் எடுத்துக்கிறேன். அக்கா சொல்லுச்சு."

கரடி வந்தால் முகத்தில் பீய்ச்சியடிக்கிற மிளகாய்த் தெளிப்பான் அது. மார்லிஸ் தம்பிக்காக வாங்கி வைத்தது. ஓரின் போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: "வெச்சுட்டுப் போ. எனக்கு முட்டைல தூவ வேணும். ஐநூற மாட்டிக்கிட்டு எவனாவது புட்டியத் தூக்குவானா?"

டெல்பர்ட் வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் புட்டி இப்போது அடுப்படி ஆணியில் தொங்கியது. ஓரின் அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினான். சாவி வண்டியிலேயே கிடந்தது. மார்லிஸ் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள்; அவளிடம் சொல்லவும் நேரமில்லை, சொல்லும் வாயும் இல்லை. ஓடைப் பக்கம் தொலைபேசி எடுக்காது என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தான். மண்சாலையில் வண்டி குதித்தது. 'கடவுளே, இன்னிக்கு ஒரு கரடியும் வேண்டாம், அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ' என்று வேண்டினான். வேண்டிக்கொண்டிருக்கும்போதே, கரடி வரவில்லை என்றால் இதை யாரிடமும் சொல்லாமல் தோட்டாக்களை மாற்றிப் போட்டுவிடலாம் என்று அவன் மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை அவனே வெறுத்தான்.

ஓடைக்கு இறங்கும் பாதையில் டெல்பர்ட்டின் பழைய கார் நின்றது. ஓரின் "ஏய் கரடி! ஏய் கரடி!" என்று அந்தப் பக்கத்து மனிதர்கள் நடக்கும்போது கூவுகிற கூவலைக் கூவிக்கொண்டே ஓடினான். புதர் விலகியதும் கண்டான்.

டெல்பர்ட் சரளைத் திட்டில் நின்றுகொண்டிருந்தான். மீன்கள் அவன் காலடியில் கிடந்தன. அவனுக்கு எதிரே, தண்ணீருக்கு இந்தப் பக்கமே, ஒரு தாய்க்கரடி. குட்டி அதன் பின்னால் நாணலுக்குள் நின்றது. டெல்பர்ட் இரண்டு கையாலும் ஐநூறை நீட்டிப் பிடித்திருந்தான்.

"ஓடாத மாப்ள! ஓடாத!" என்று கத்தினான் ஓரின். 'அது வெத்துடா' என்பதை மட்டும் கத்தவில்லை.

கரடி பாய்ந்தது. சரளை தெறித்தது. டெல்பர்ட் விசையை இழுத்தான். டக். மறுபடி இழுத்தான். டக். துப்பாக்கி அவன் கையில் இம்மியும் ஆடவில்லை. கண்ணும் மூடவில்லை. அந்தக் கணத்தில் ஓரினால் அதைவிடக் கொடுமையாக எதையும் பார்க்க முடிந்திருக்காது.

கரடி மூன்று பாய்ச்சல் தூரத்தில் சடாரென்று நின்றது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தலையை இருபுறமும் ஆட்டியது. வரலாமா வேண்டாமா என்று அது யோசித்த அந்த நேரம்தான் கடவுள் கொடுத்தது. ஓரின் விழுந்தடித்துக்கொண்டு வந்து மைத்துனனை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் புட்டியை அமுக்கினான். சிவந்த புகை போய்க் கரடியின் மூஞ்சியில் அப்பியது. அது பூனைபோலத் தும்மிக்கொண்டு திரும்பி ஓடியது, குட்டி பின்னாலேயே ஓடியது. காற்று மிச்சப் புகையை இவர்கள் பக்கமே திருப்பிவிட்டது.

இரண்டு பேரும் திட்டில் உட்கார்ந்து இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஒழுகும் மூக்கைச் சட்டையில் துடைத்தார்கள். ஓரின் அழுதுகொண்டிருந்தான். மிளகாய் இருந்ததால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தோட்டா பழுது போல, அத்தான்" என்றான் டெல்பர்ட், மூச்சு வாங்கிக்கொண்டே. "ரெண்டுமே வெடிக்கல. நல்லவேள நீங்க வந்தீங்க. கடைக்காரன் சட்டையப் புடிக்கணும்."

உருளையைத் திறந்து கூடுகளைக் கையில் கொட்டினான். கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தான். மூன்றில் குண்டே இல்லை. முனையில் கரி படிந்த வெறும் பொந்து. அவன் கணக்கு எழுதினவன். கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஓரின் பைக்குள் கைவிட்டு, அந்த மூன்று தோட்டாக்களையும் எடுத்து நீட்டினான்.

டெல்பர்ட் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து மீன்களைப் பொறுக்கினான். ஓரினுக்கு அவன் தன்னைக் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் தேவலை என்றிருந்தது. வீடு வரை இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

சாயங்காலம் மேசையில் டெல்பர்ட் வாயைத் திறந்தான். "அக்கா, இன்னிக்கு ஒரு தாய்க்கரடி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துக் கதை சொன்னான். பாய்ந்ததைச் சொன்னான், அத்தான் ஓடிவந்து புட்டியால் அடித்ததைச் சொன்னான், தும்மலைச் சொல்லி நடித்துக் காட்டினான். இரண்டு டக்கை மட்டும் விட்டுவிட்டான்.

மார்லிஸ் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அய்யோ. அந்த ஐநூறு கைல இருந்ததாலதான்டா நீ தெம்பா நின்னுருக்க" என்றாள். எழுந்து வந்து ஓரினின் தலையை இழுத்து முத்தம் கொடுத்தாள். "அவனுக்கு நீ எவ்வளவு பொறுமையாச் சொல்லிக்குடுத்த! நான்தான் உன்னத் திட்டிக்கிட்டே இருக்கேன்." பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

டெல்பர்ட் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். ஓரின் ஒரு வாய் வைத்தான். தட்டைத் தள்ளி வைத்தான். இப்படியே விட்டுவிடலாம், மைத்துனன் அதற்குத்தான் வழிவிட்டிருக்கிறான் என்று தெரிந்தது. அந்த வழியில் ஆயுள் முழுக்க நடக்க வேண்டுமே என்பதும் தெரிந்தது.

"அதுல தோட்டா இல்ல, மார்லிஸ்" என்றான். "இவன் ரெண்டு தரம் இழுத்தான். ரெண்டும் வெத்து. நேத்து நான் போட்டது. எடுக்காமக் குடுத்து அனுப்பிட்டேன். பாக்கவான்னு கேட்டான், வேணாம்னுட்டேன். புட்டியையும் நான்தான் வெச்சுட்டுப் போகச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் இறங்கியது.

"சொல்லிக்குடுக்கவும் இல்ல" என்றான் ஓரின். "அது பொய். எல்லாரும் இவனப் பாத்துச் சிரிக்கணும். அதுக்குத்தான் போட்டேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நேத்து குழியில நானும்தான்டா சிரிச்சேன்" என்றாள். "வண்டி ஓரத்துல நின்னுக்கிட்டு… எல்லாரையும் விட அதிகமா நான்தான் சிரிச்சேன்."

டெல்பர்ட் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான்.

"தெரியும்க்கா" என்றான். "காதடைப்பு மாட்டியிருந்தாலும் உன் சிரிப்பு எனக்குக் கேட்டுச்சு."