பதினோராம் நம்பர் கால்

ஹை ஹீல்ஸ் மேல் எனக்கு ஆசை உண்டு. அதை ஒரு பாவமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பு வேறு.

நான் வெல்டர். கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். இருபத்தைந்து வருஷமாகக் காலை ஏழரை மணிக்கு இரும்பு முனை வைத்த பூட்ஸுக்குள் காலை நுழைத்தால் சாயங்காலம்தான் வெளியே எடுக்கிறேன். ஒவ்வொரு பூட்ஸும் ஒரு கிலோ இருக்கும். உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, எடை தொண்ணூறு. எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டால் பதில் தெரியாது. பன்னிரண்டு வயதில் அக்காவின் ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த நிமிர்வு பிடித்திருந்தது, அவ்வளவுதான். சிலர் புறா வளர்க்கிறார்கள். அவர்களை யாரும் உட்காரவைத்து விசாரிப்பதில்லை.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிஷம் கடவுளிடம் பேசுவேன். அவரிடம் இந்த ஆசையை மறைத்ததில்லை. அவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. மறைத்தது என் மனைவியிடம்தான்.

போன மாதம் கடைத்தெருவில் ஒருவர் வீட்டுக்குக் கேட்டு மாட்டினேன். மாட்டிவிட்டுத் திரும்பினால் எதிர்ச்சாரியில் ஒரு செருப்புக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் கருஞ்சிவப்பில் ஒரு ஜோடி நின்றது. மூன்று அங்குலக் குதி, கணுக்காலில் ஒரு மெல்லிய வார். நான் பார்த்துக்கொண்டே நின்றதில் கேட்டுக்காரர், "என்ன, கேட்டு கோணலா நிக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் வெல்டிங் ராடு வரும் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் காலை வைத்து, இரும்பில் கோடு போடும் வெள்ளைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அந்த அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைக்குப் போனேன்.

வந்து நின்ற விற்பனையாளர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மற்றப் பெண்கள் அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

"வாங்க சார். யாருக்குப் பார்க்கறீங்க?"

"வீட்டம்மாவுக்கு," என்றேன். நான் யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

பெரியக்கா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குதிகால் பக்கத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"உயரமான அம்மாவா சார்?"

"கொஞ்சம் உயரம்தான்."

கடவுள் மன்னிக்க வேண்டும். என் மனைவி என் தோள் உயரம்கூட இல்லை. அவள் கால் ஐந்தாம் நம்பர்.

"எடை எவ்வளவு இருப்பாங்க? கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. குதி தாங்கணும் இல்லையா?"

"தொண்ணூறு," என்றேன் மெதுவாக.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஊசிக் குதி வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற இந்தக் கருஞ்சிவப்பு ஜோடி சரியா இருக்கும். உள்ள இரும்புக் கம்பி போகுது. பாதத்துக்கு நடுவுலயும் ஒரு தகடு உண்டு."

இரும்பு என்று காதில் விழுந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. குதியை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம்.

"இந்தக் கால் பதினோராம் நம்பர் சார். இங்க இல்ல, வரவழைச்சுத் தரேன். போன் நம்பர் குடுங்க," என்றவர், எழுதிக்கொண்டே சொன்னார்: "அந்த அம்மா முதல் தடவையா போடறாங்கன்னா வீட்டுக்குள்ள கொஞ்ச நாள் பழகச் சொல்லுங்க. வெளிய வரும்போது பயப்படாம வரச் சொல்லுங்க."

வெளியே வந்தபோது யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தது போல இருந்தது.

ஆனால் பதற்றத்தில் ஒரு காரியம் செய்திருந்தேன். பட்டறைச் சத்தத்தில் போன் காதில் விழாது. அதனால் எல்லா வாடிக்கையாளருக்கும் வீட்டு நம்பரைத்தான் கொடுப்பேன். மனைவிதான் போனை எடுத்து, ஆர்டர்களை நோட்டில் எழுதி வைப்பாள். இருபது வருஷப் பழக்கம். செருப்புக் கடைக்கும் அந்த நம்பரையே கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசையில் நோட்டு திறந்திருந்தது. மனைவியின் குண்டுக் கையெழுத்தில் இரண்டு வரிகள். 'படிக்கட்டுக் கைப்பிடி, அளவெடுக்க வரவும்.' அதற்குக் கீழே, 'உங்கள் வீட்டம்மாவின் பதினோராம் நம்பர் ஹீல்ஸ் வந்துவிட்டது.'

போனை எடுத்தது அங்கே வந்திருந்த அவளுடைய தம்பியாம்; அவன் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். காதில் விழுந்ததை நாலு பேரிடம் சொல்வதை ஒரு சமூக சேவையாக நினைப்பவன்.

"மாமா," என்றான், "அக்கா கால் எப்ப வளர்ந்துச்சு?"

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்று அவனை அடக்கிவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். "யாருங்க அவ?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "கடையில ஏதோ தப்பா எழுதிட்டாங்க," என்றேன். இரண்டாவது பொய்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எட்டிப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள், அவள் கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். இருபது வருஷம் என் பக்கத்தில் நடந்த கால்கள். எவளோ ஒரு உயரக்காரியின் காலோடு தன் காலை ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அன்று காலை கடவுள் முன்னால் நின்றேன். இரண்டு நிமிஷம் முடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க. கடையில நானே கேட்டுக்கறேன்."

அழையாமலே தம்பியும் வந்தான். அவன் கார் என்பதால் மறுக்க முடியவில்லை. வழி முழுக்க அவன்தான் பேசினான்.

"பதினோராம் நம்பர்னா அந்த அம்மா வாலிபால் ஆடறாங்களா மாமா?"

நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று வேலை இல்லை. இருந்தும் பூட்ஸைத்தான் மாட்டியிருந்தேன். வேறெதைப் போட்டால் தைரியம் வரும் என்று தெரியவில்லை.

கடையில் பெரியக்காதான் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர் என் பக்கத்தில் நின்றவளின் பாதங்களைப் பார்த்தார். ஒரு நொடிதான். சிரிப்பு வேறு மாதிரி ஆனது.

"அம்மா," என்றாள் என் மனைவி, "என் பேரைச் சொல்லிப் பதினோராம் நம்பர் செருப்பு வரவழைச்சீங்களாமே. அது யாருக்கு?"

"ஐயோ, மன்னிக்கணும்மா," என்றார் பெரியக்கா. "சார் அஞ்சுன்னுதான் சொன்னார். நான்தான் மாத்தி எழுதிட்டேன். கண்ணாடி போடாம எழுதினேன், என் தப்புதான்."

கல்லாவில் இருந்த மேனேஜர் தலையைத் தூக்கினார். டை கட்டிய இளைஞர். "மறுபடியுமா? இன்னொரு ஆர்டர் தப்பாச்சுன்னா உங்களைப் பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவேன்னு போன மாசமே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்," என்றார் பெரியக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

மனைவியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அவள் நம்பிவிட்டாள். நம்ப வேண்டும் என்று எத்தனை ஏங்கியிருந்தாள் என்பது அந்தத் தோள்களில் தெரிந்தது. நான் ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போகலாம்.

முதல் பொய்யை மனைவியின் கால்மேல் போட்டேன். இரண்டாவதைக் கடையின் மேல் போட்டேன். மூன்றாவதை இந்த அம்மா, நான் கேட்காமலே, தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டே முறை பார்த்த ஒரு மனிதனுக்காக. அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு நான் நழுவினால் அதற்குப் பெயர் திருட்டு. நினைக்க நினைக்க எனக்குக் கோபம் வந்தது. மூன்று அங்குலக் குதிக்காக இத்தனை பேர் எதற்கு நடுங்க வேண்டும்?

"தப்பு இவங்க மேல இல்ல," என்றேன். பட்டறையில் பேசுகிற குரல் வந்துவிட்டது, கடை முழுக்கக் கேட்டிருக்கும். "நம்பர் சரிதான். செருப்பு எனக்கு."

மைத்துனன்தான் முதலில் சிரித்தான். "என்ன மாமா, காமெடி பண்றீங்களா?"

"இல்ல மச்சான். என் கால்தான் பதினொண்ணு."

"உயரம் போதலையா உங்களுக்கு?"

"உயரம் போதும். எனக்குப் பிடிச்சிருக்கு."

மேனேஜர் எழுந்து வந்தார். "சார், இது லேடீஸ் பிரிவு. மத்த கஸ்டமர்ஸ் சங்கடப்படுவாங்க."

சுற்றிப் பார்த்தேன். எங்களைத் தவிர ஆளே இல்லை. "இங்க இருக்கிற லேடீஸ் கஸ்டமர் என் வீட்டம்மா ஒருத்திதான். அவ சங்கடப்பட்டா அவ சொல்லட்டும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாரும் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா. உன் காலைப் பத்திப் பொய் சொன்னேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். இந்த ஆசைக்குக் கேட்கமாட்டேன்."

அவள் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இதுக்காகவா ரெண்டு நாளா எனக்குத் தொண்டையில சாப்பாடு இறங்கல? நான் யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் தெரியுமா? நீங்க ஜன்னல் கம்பி போட்டுக் குடுத்தீங்களே, அந்த பேங்க் அம்மாவைக்கூட விடல." பிறகு கைப்பையால் விசிறிக்கொண்டாள். "சரி, உட்காருங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு. சேருதான்னு பார்ப்போம்."

பெரியக்கா பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் மண்டியிட்டார். பூட்ஸை நானே கழற்றினேன். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. பாதத்தின் மேல் வெல்டிங் பொறி பட்ட கறுப்புத் தழும்புகள். அவர் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் என் அட்டையும் பத்திரமாக இருந்தது.

"இங்க பாருங்கம்மா," என்று அதை என் மனைவியிடம் நீட்டினார். "குதிகால்கிட்ட கோடு எப்படிக் கோணிக்கிட்டு ஓடுது பாருங்க. ஒருத்தர் காலை இன்னொருத்தர் வரைஞ்சா இப்படி வராது. தன் காலைத் தானே குனிஞ்சு வரைஞ்சா பின்பக்கம் கை சரியா எட்டாது."

"அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இந்தக் கடையில இதுவரைக்கும் பதினாலு வீட்டம்மாக்களுக்குப் பெரிய நம்பர் வித்திருக்கேன் சார். வாத்தியார் வீட்டம்மா, டாக்டர் வீட்டம்மா, போலீஸ்காரர் வீட்டம்மா. ஒருத்தங்களையும் நேர்ல பார்த்ததில்ல. முகத்தைக் காட்டின முதல் வீட்டம்மா நீங்கதான்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வாரை மாட்டிவிட்டுப் பெரியக்கா எழுந்து கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் தரை எங்கோ போய்விட்டது. அப்புறம் குதிக்குள் இருந்த இரும்பு என்னைத் தாங்கியது. முதுகு நிமிர்ந்தது. முப்பத்தாறு வருஷம் காத்திருந்த முதுகு. கண்ணாடியில் தெரிந்தவன் அழகன் இல்லை, பட்டறைக்காரன்தான். ஆனால் நேராக நின்றான்.

"மாமா," என்றான் மைத்துனன். இப்போது குரலில் கேலி குறைந்திருந்தது. "சொந்தபந்தம் என்ன சொல்லும்?"

"நீ சொல்றதைத்தான் சொல்லும் மச்சான். அதனால சரியா சொல்லு. கருஞ்சிவப்பு, மூணு அங்குலம், பதினோராம் நம்பர்."

பிறகு மேனேஜரிடம் திரும்பினேன். ஹீல்ஸில் நின்றதால் அவர் என்னை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "தம்பி, இந்த அம்மா எழுதின ஆர்டர்ல தப்பு ஏதாவது இருக்கா?"

அவர் அட்டையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "இல்ல சார்."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

பெரியக்கா பக்கம் திரும்பினார். சொன்னார்.

"பெட்டியில போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டார் பெரியக்கா.

"பூட்ஸைப் போடுங்க."

பூட்ஸ் அந்தப் பெட்டிக்குள் நுழையவில்லை. கடைசியில் மைத்துனன்தான் இரண்டையும் நாடாவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்ன மாமா இது, இந்தக் கனம் கனக்குது," என்றான்.

"அதைத்தான் நான் இருபத்தஞ்சு வருஷமா தூக்கறேன்."

வாசலுக்கு வந்தபோது மனைவி என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க. கோபம் இன்னும் அப்படியே இருக்கு."

"இருக்கட்டும்."

"பொய் சொன்னதுக்கு."

"தெரியும்."

கடைக்கு முன்னால் மூன்று படி. அவள் விறுவிறுவென்று இறங்கித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் மேலே தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"நேரா இறங்காதீங்க," என்றாள், திரும்பாமலே. "பக்கவாட்டுல இறங்கணும். கல்யாணத்தன்னிக்கு ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நான் அப்படித்தான் இறங்கினேன்." முகம் தெருப்பக்கம் இருந்தது. கை மட்டும் பின்னால் நீண்டது.

அந்தக் கையைப் பிடித்து இறங்கினேன். எதிர்ச்சாரியில் நான் மாட்டிய கேட்டுக்குப் பின்னால் கேட்டுக்காரர் நின்றிருந்தார். என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு காருக்குள் ஏறியிருக்கலாம். தெருவைக் குறுக்கே கடந்து அவர் முன்னால் போய் நின்றேன். டக், டக் என்று ஒவ்வொரு அடியும் கேட்டது.

"கேட்டு எப்படிங்க இருக்கு? சத்தம் வருதா?"

 கேட்டை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "கீல்ல லேசா கிறீச்சுன்னு வருது," என்றார்.

"திங்கக்கிழமை வந்து பார்த்துடறேன்."

"வாங்க," என்றார் அவர்.

திரும்பி வரும்போது மனைவி கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். அவள் பாதங்கள் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன.

"திங்கக்கிழமை பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள். "பொறி பட்டா இந்தத் தோல் ஓட்டை ஆயிடும்."