ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு பெயிண்ட் டப்பா

செக் நாட்டின் ப்ரொஸ்தெயோவ் ஊரின் கலாசார மன்றத்தில் அந்தச் சனிக்கிழமை முந்நூறு போர் டாங்கிகளுக்கு மேல் நின்றன. எல்லாமே பொம்மை அளவு, மாதிரி செய்பவர்கள் போட்டிக்குக் கொண்டுவந்தவை. மிகப் பெரியதே ஒரு செருப்பு நீளம்தான் இருக்கும். வந்தவர்கள் குனிந்து குனிந்து டாங்கிகளைப் பார்த்தார்கள். போட்டிக்கு வந்திருந்த மிலாடாவுக்கோ டாங்கிமேல் பெரிய பிடிப்பு கிடையாது. அவள் வைத்திருந்த வண்டியும் பெட்டியில் பாகங்களாக வாங்கி ஒட்டியதுதான். அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது, வண்டியை ஒட்டிப் புல்லில் கிடந்த ஒன்பது பெயிண்ட் டப்பாக்களை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் வண்டிகளுக்குப் பெயிண்ட் கெட்டிப் பசையாக டப்பாவில் போகும். படையாட்கள் பெட்ரோலோ தண்ணீரோ விட்டுக் கரைத்து, தாங்களே பூசிக்கொள்வார்கள். மிலாடாவின் காட்சியில் ஒரு பொம்மைச் சிப்பாய் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். பெரிய டப்பா அவளுடைய சுண்டுவிரல் நகத்தளவு, சின்னது ஓர் அரிசிமணி. ஒயின் புட்டியின் கழுத்தில் சுற்றி வருகிற மெல்லிய தகட்டை வெட்டி, உருட்டி, பக்கத்தில் ஓரங்கள் சேருமிடத்தில் மூட்டு வைத்து ஒட்டியிருந்தாள். ஐந்து மாத வேலை. மூட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டப்பாத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மூட்டு இயந்திரத்தின் முன்னால் நின்றவள்.

பதிவு முடிவதற்கு முன்பே, முதலில் வந்தவர்களின் மேஜைகளில் பத்தரை மணிக்கு மதிப்பெண் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதில் இப்படி எழுதியிருந்தது: ‘டப்பாக்களில் பக்க மூட்டு. வரலாற்றுப் பிழை. ஆறு மதிப்பெண் குறைப்பு.’ கீழே தலைமை நடுவர் ஹினெக்கின் கையெழுத்து.

மிலாடா நேரே அவரிடம் போனாள்.

“இந்த ஜாயிண்ட்ல என்ன தப்பு கண்டீங்க?”

“மேடம், அந்தக் கால டப்பா வழவழன்னு இருக்கும். அந்த மூலையில என் கடையில பாக்கெட் போட்டு விக்கிறேனே, பன்னெண்டு குட்டி டப்பா, பார்த்ததில்லையா?”

“பார்த்தேன். அது லேத்துல கடைஞ்சது. தகரத்தை வளைச்சா ரெண்டு ஓரமும் எங்கயாவது சேர்ந்துதானே ஆகணும்? சேராம எப்படி நிக்கும், உங்க மேல இருக்கிற பயத்துலயா?”

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹினெக்கின் காது சிவந்தது.

“போட்டோ ஆதாரம் இருக்கா?”

“அந்தக் கால டப்பாவே இருக்கு.”

காருக்குப் போய் அதைத் தூக்கி வந்தாள். ஒரு பண்ணைவீட்டில் ஆணிகளைப் போட்டுவைக்கப் பயன்பட்டதை வாங்கியது. துருவேறியிருந்தாலும் பக்க மூட்டு தடிப்பாகத் தெரிந்தது. அடியில் செங்காவிப் பெயிண்ட் கல்லாக இறுகிக் கிடந்தது. ஹினெக் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“பதிவு பண்ணாத எதையும் மேஜைமேல வைக்கக் கூடாது. விதி பதினொண்ணு. எடுத்துருங்க.”

மிலாடா எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேரே பதிவு மேஜைக்குப் போய், ஸ்டென்கா என்ற பெண்ணின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“இன்னொண்ணு பதியணும்.”

ஸ்டென்கா படிவத்தை எடுத்தாள். “பொருள்?”

“பெயிண்ட் டப்பா.”

“அளவு?”

“ஒண்ணுக்கு ஒண்ணு.”

பேனா நின்றது. “அப்படின்னா... நிஜ டப்பாவா? மேடம், அவர் என்னைத் திட்டுவாரே!”

“இந்த அளவு கூடாதுன்னு விதியில இருக்கா?”

ஸ்டென்கா விதித்தாளை இரண்டு பக்கமும் புரட்டினாள். “இல்ல.”

“பதிவு முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. எழுதும்மா.”

ஸ்டென்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். எண் முந்நூற்றுப் பதினெட்டு. பதிந்துவிட்டால் நடுவர்கள் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது நடுவர் லுத்வீக், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசவே காசு கேட்பவர் போல் இருப்பார். அவர் பூதக்கண்ணாடியோடு வந்து டப்பாவை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

“ஹினெக், இதுலயும் ஜாயிண்ட் இருக்கு. வரலாற்றுப் பிழைன்னு ஆறு குறைக்கட்டுமா?”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. “கேலிக்கூத்தாப் போச்சு!” என்று கத்திவிட்டு ஹினெக் காபிக் கடைப் பக்கம் போய்விட்டார்.

அரை மணி கழித்துக் குரலைத் தணித்துக்கொண்டு திரும்பி வந்தார். “மேடம், ஒரு சிறப்புப் பாராட்டு குடுத்துடறோம். சான்றிதழ், கைகுலுக்கல் எல்லாம் உண்டு. இதோட விட்டுருங்க.”

“பாராட்டு வேணாம். தாள்ல அந்தப் பிழைங்கிற வரியை அடிச்சுடுங்க.”

“நடுவர் முடிவு இறுதியானது.”

“அப்ப நான் இங்கயே நிக்கிறேன்.”

நின்றாள். அவர் கடையின் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து, வழவழ டப்பாவை ஒரு பக்கமும் தன்னுடையதை இன்னொரு பக்கமும் வைத்தாள். நடுவில் துருப்பிடித்த அசல். வந்தவர்களை எல்லாம், “கட்டைவிரலை வச்சுத் தடவிப் பாருங்க, அப்புறம் இந்தத் தாளைப் படிங்க” என்றாள். தடவினார்கள், படித்தார்கள், ஹினெக்கின் கடை இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் விண்ணென்று வலித்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தளர்ந்துவிட்டாள் என்று அந்த மனிதர் நினைப்பார் என்ற வீம்பு.

மூன்று மணிக்குள் இரண்டு பேர் ஹினெக்கின் கடையில் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஹினெக் வந்தார். யாரையும் பார்க்காமல் துருப்பிடித்த டப்பாவின் பக்கவாட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, தாளில் அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மதிப்பெண் திரும்பக் கிடைத்தும் மிலாடாவுக்கு நான்காவது இடம்தான். பதக்கம் மூன்று பேருக்கு மட்டும். லுத்வீக் சங்கடத்தோடு சொன்னார்: “அரை மார்க்ல போச்சு. டாங்கிச் சக்கரத்துல பசை வழிஞ்சிருக்கு.”

“வழிஞ்சிருக்கு. அது என் தப்பு. அதுக்கு நான் சண்டை போடல” என்றாள் மிலாடா. அடிக்கப்பட்ட வரியோடு தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

டப்பாவைக் காரில் ஏற்றும்போது ஹினெக் பின்னாலேயே வந்தார்.

“அதை ஒரு வாரம் இரவல் தர முடியுமா? அளவெடுக்கணும்.”

“தர மாட்டேன். என் வீட்டுக்கு வந்து அளந்துக்குங்க” என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்தினாள். “வர்றதுக்கு முந்தி அந்தப் பாக்கெட்டை விக்கிறதை நிறுத்துங்க.”