தோற்றவன் வாங்க வேண்டிய டீ

விளையாட்டுதானே என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விளையாட்டாம்! ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து அவள் புருஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. திரையில் பழைய உலகப்போர். நடுவில் ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம். இந்தக் கரையில் இவர் படை, அந்தக் கரையில், தன் வீட்டிலிருந்து ஆடும் சிநேகிதர் நெட்டையின் படை. பாலத்தைப் பிடித்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் இவர் கிரேன் ஓட்டியவர். நெட்டை கீழே நின்று கைகாட்டுகிறவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் இவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் பெட்டி எங்கே இறங்குகிறது என்று தெரியாது. நெட்டையின் கைதான் கண். அந்தக் கையை நம்பி, எவ்வளவு கனமான பெட்டியையும் துளி ஆட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல இறக்குவார். வேலை முடிந்ததும் நெட்டை தலைக்கு மேல் ஒரு கையைத் தூக்குவார். இவரும் கூண்டுக்குள்ளிருந்து கையைத் தூக்குவார். அதோடு அன்றைய பாடு முடிந்தது.

வாரம் முழுக்க ஒருத்தர் கையை ஒருத்தர் நம்பிப் பிழைத்தவர்கள், ஞாயிறு வந்தால் ஒருத்தரை ஒருத்தர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். தோற்றவன் திங்கள்கிழமை டீ வாங்கித்தர வேண்டும். ஈவு இரக்கம் கிடையாது. விட்டுக்கொடுத்து விளையாடுவது எதிராளியைக் காறித் துப்புவதற்குச் சமம் என்பது அவர்கள் சட்டம்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். முதலில் இடது கை போனது, கூடவே வேலையும் போனது. இந்தக் கோலத்தில் தன்னைப் பார்க்க யாரும் வரக்கூடாது என்று அடம்பிடித்தார். நெட்டையையும் சேர்த்துத்தான். "கை கொஞ்சம் மரத்துப்போச்சு, சரியாயிடும்" என்பதோடு நெட்டைக்குச் சொன்னது முடிந்தது.

ஆட்டத்தில் வலது கை மௌஸைப் பிடித்துப் படையை நகர்த்தும். எந்தப் படை என்று எண்ணைத் தட்டி எடுப்பது இடது கை. ஒன்று காலாட்படை, இரண்டு டாங்கி, மூன்று பீரங்கி. அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள், எண்களெல்லாம் விரல் நுனியில். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"ரெண்டு!"

"தட்டியாச்சு."

"மூணு! மூணுடி! தூங்கிட்டியா?"

"கத்தாதீங்க. என் விரல் ஒண்ணும் உங்க கிரேன் இல்ல."

அந்த நாட்களில் சிரிப்புகூட இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

பிறகு வலது கையும் போனது. மௌஸும் அவளிடம் வந்தது. நாக்கும் குழற ஆரம்பித்ததும், மைக் ரிப்பேர் என்று நெட்டைக்கு ஒரு பொய்யைத் தட்டிவிட்டார்கள். அவர் சொல்வார், அவள் நகர்த்துவாள், நெட்டையின் வசவு மட்டும் ஸ்பீக்கரில் வரும்.

"அவனுக்குத் தெரியவே கூடாது" என்பார். இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்காவது தான் முழு ஆளாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

ஆச்சரியமாக, ஜெயித்தார்கள். வாராவாரம் ஜெயித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா, நானும் தேறிட்டேன்!" என்று குதித்தாள். அவர்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு ஞாயிறு, அவள் டாங்கிகளைப் பாலத்துக்கு ஓட்டிப்போனாள். பாலத்தில் ஒரு சிப்பாய்கூட இல்லை. திறந்த வீடாகக் கிடந்தது.

"நிறுத்து" என்றார்.

"ஏங்க, ஜெயிச்சாச்சே?"

"அவனுக்கு... தெரிஞ்சுபோச்சு."

அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை இல்லை. அவள்தான் முந்தானையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மருந்துக்கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று நெட்டைக்குப் போன் போட்டாள்.

"பாலத்துல ஏண்ணே ஆளே வைக்கல?"

துறைமுக இரைச்சலிலிருந்து ஒதுங்கி வந்து நெட்டை பேசினார்.

"அவன் கையை எனக்குத் தெரியாதாம்மா? அவன் நகர்த்தினா டாங்கி வழுக்கிட்டு வரும். இப்ப நின்னு நின்னு, பயந்து பயந்து வருது. அது அவன் இல்லன்னு எப்பவோ தெரியும். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"அடிங்கண்ணே! எப்பவும் அடிக்கிற மாதிரி அடிங்க. நீங்க விட்டுக்கொடுத்தா அவர் போயிட்டார்னு நீங்களே முடிவு கட்டின மாதிரி. அவர் இன்னும் இருக்கார்ண்ணே."

அடுத்த ஞாயிறு நெட்டை அடித்த அடி சாதாரண அடியில்லை. முதலில் பீரங்கி போனது, அப்புறம் டாங்கி, அப்புறம் கரையோரக் கிடங்கெல்லாம் எரிந்தது. "எங்கடா ஓடுற, கிரேன்? இதுதான் உன் லட்சணமா? வாடா, வா!" ஸ்பீக்கரில் குரல் கிழிந்தது. பாதியில் அந்தக் குரல் உடைந்ததையும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி திட்டியதையும் அவள் கேட்டாள். அவரும் கேட்டிருப்பார்.

பாலம் போனது. ஆட்டம் போனது. அவர் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று பதறித் திரும்பினால், மனுஷன் சிரிக்கிறார். எத்தனை மாதம் ஆச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்து! ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார்.

"டீ."

அவள் போன் போட்டுச் சொல்ல, திங்கள்கிழமை நெட்டை டீ குடிக்க வீட்டுக்கு வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார், உள்ளே வந்ததும் தயங்கவில்லை. "தோத்தாங்கொள்ளி, எங்கடா என் டீ?" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இரண்டு டம்ளர் போட்டுக் கொண்டுவந்தாள். அவரால் இப்போது எதையும் விழுங்க முடியாது, மூக்கில் குழாய். ஆனாலும் ஒரு டம்ளர் போட அவளுக்கு மனசு வரவில்லை.

நெட்டை தன் டீயைக் குடித்தார். சர்க்கரை போதாது என்று குறை சொன்னார். ஆறிப்போன இன்னொரு டம்ளரையும் எடுத்துக் குடித்தார். எதைப் பற்றியும் கேட்கவில்லை. கிளம்பும்போது அறை வாசலில் நின்று திரும்பி, தலைக்கு மேல் ஒரு கையைத் தூக்கினார்.

கட்டிலிலிருந்து அவர் அந்தக் கையையே பார்த்தார்.

அவள் எப்போதும்போல அவருக்கு இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அவருடைய இடது கையை எடுத்தாள். அதில் கனமே இல்லை. நெட்டைக்குத் தெரியும்படி உயரத் தூக்கி, அவர் படியிறங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.